துபாய் வேலையா? முதலில் சர்டிபிகேட்டை எடுங்கள்

மும்பை மாட்டுங்காவில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு வளைகுடா வேலை கிடைத்தால், முதலில் பெட்டி வாங்கத்தான் ஓடுகிறார்கள். பெட்டியைக் கடைசி நாளில்கூட வாங்கலாம். பட்டச் சான்றிதழை எடுங்கள். பல நாடுகள் ஏற்கும் ஒற்றை முத்திரையான அப்போஸ்டில் அமீரகத்தில் செல்லாது. பொதுவாக மாநில அரசின் சான்றொப்பம், வெளியுறவு அமைச்சகம், அப்புறம் அமீரகத் தூதரகம் என்று வரிசையாக முத்திரை வாங்கணும். தமிழ்நாட்டில் படித்து மும்பையில் இருப்பவர்களுக்கு இது இழுத்தடிக்கும் வேலை. ஆசையாக லேமினேட் செய்து வைத்திருந்தால் கதை கந்தல். முத்திரை எங்கே குத்துவது?

பாஸ்போர்ட்டில் இசிஆர், அதாவது வேலைக்கு வெளிநாடு போக அரசின் அனுமதி வேண்டும் என்ற குறிப்பு, இருக்கிறதா பாருங்கள். பத்தாவது பாஸானவர்கள் அதை நீக்கிக்கொள்ளலாம். வங்கிக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக, அதாவது வெளிநாட்டில் வசிப்பவர்கள் இந்தியாவில் வைத்திருக்கும் கணக்காக, மாற்றணும். ஓடிபி வரும் சிம்மை மட்டும் உயிரோடு வைத்திருங்கள்.

கோடீன் என்ற போதை தரும் மருந்துப் பொருள் கலந்த இருமல் மருந்தை அம்மா பாசமாக வைத்தாலும் எடுத்துவிடுங்கள். முன் அனுமதி இல்லாமல் அங்கே கொண்டுபோகக் கூடாது. ஊறுகாய் பரவாயில்லை, இறுக்கமாகக் கட்டுங்கள்.