ஜிஎஸ்டி எண் சரி, பெயர் ஏன் பொருந்தவில்லை?

சப்ளையர்களின் ஜிஎஸ்டி எண்ணை எங்கள் பில்லிங் மென்பொருள் ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தகவல் கேட்டு வாங்கும் வழி) வழியாகச் சரிபார்க்கும். எண் சரியாக இருந்தும் சின்னக் கடைக்காரர்கள் பலருக்குப் 'பெயர் பொருந்தவில்லை' என்றே வந்தது. ஏபிஐ தந்த பதிலைப் பிரித்துப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. தனிநபர் நடத்தும் கடைக்குச் சட்டப்பூர்வப் பெயர் உரிமையாளரின் பெயர்தான். பலகையில் இருக்கும் கடைப் பெயர் 'டிரேட் நேம்' என்று தனியாக வரும். இப்போது இரண்டோடும் ஒப்பிடுகிறோம். ஜிஎஸ்டி எண்ணுக்குள்ளேயே பான் (வருமான வரி எண்) இருக்கும்; அதில் 6வதாக வரும் எழுத்து 'பி' (P) என்றால் பான் தனிநபருடையது, அங்கே இந்த வித்தியாசத்தை எதிர்பார்க்கலாம்.

அப்புறம், ஜிஎஸ்டி எண்ணில் 15வதாக வருவது சரிபார்ப்புக் குறி, அதாவது முந்தைய 14 குறிகளிலிருந்து கணக்கிடப்படுவது. அதை நம் பக்கமே கணக்கிட்டால், பூஜ்யத்துக்குப் பதில் 'ஓ' அடித்த எண்களை ஏபிஐக்கு அனுப்பாமலே பிடித்துவிடலாம். பதிவு 'ஆக்டிவ்' நிலையில் இருக்கிறதா என்றும் கட்டாயம் பாருங்கள். ரத்தான எண்ணுக்கும் பெயர் ஒழுங்காகத்தான் வரும்.