கடை, ஆபீஸ் கட்டடத்துக்கு பிளான்: படியும் பார்க்கிங்கும் முதலில், எலிவேஷன் (முகப்புத் தோற்றம்) கடைசியில்

60க்கு 80 அடி மனை, அதாவது இரண்டு கிரவுண்டு. தரைத்தளம் பார்க்கிங், மேலே மூன்று தளம் வாடகைக்கு. தமிழ்நாட்டில் முதன்முதலாக வணிகக் கட்டடம் கட்டுபவர்கள் பலர் இந்த அளவில்தான் தொடங்குகிறார்கள், அதையே கணக்குக்கு வைத்துக்கொள்வோம்.

1. மனை அளவு

பத்திரத்தில் 4,800 சதுர அடி, பட்டாவில் 4,620 என்று இருந்தால் அனுமதிக்குக் குறைவானதுதான் கணக்கு. 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி 18.30 மீட்டர் உயரம் வரையுள்ள கட்டடத்துக்கு அடிப்படை எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு) 2. எனவே காகிதத்தில் குறைந்த 180 சதுர அடி, கட்டடத்தில் 360 சதுர அடியைத் தின்றுவிடும். பட்டா திருத்தம் தேவையென்றால் வரைவதற்கு முன்பே முடியுங்கள். டேப் பிடித்து அளக்கும் வேலை வேண்டாம். டோட்டல் ஸ்டேஷன் (கோணத்தையும் தூரத்தையும் அளக்கும் மின்னணுக் கருவி) சர்வே எடுங்கள், மூலைகள் சரியாக 90 டிகிரி இருக்கும் மனை அபூர்வம். எதிரே உள்ள சாலையின் அகலத்தையும் அதிலேயே குறிக்கச் சொல்லுங்கள், செட்பேக் (மனை எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவே விட வேண்டிய இடம்) அதைப் பொறுத்தது.

2. மாடிப்படி

வீட்டுப் படியை நினைத்து இடம் ஒதுக்கினால் பிளான் முழுவதும் நகர வேண்டியிருக்கும். தேசிய கட்டட விதித்தொகுப்பில் வீட்டுக்குப் படி உயரம் 190 மி.மீ. வரை, மிதி (கால் வைக்கும் அகலம்) 250 மி.மீ. போதும். வணிகக் கட்டடத்துக்கு உயரம் 150-ஐத் தாண்டக் கூடாது, மிதி 300-க்குக் குறையக் கூடாது.

ஏ.சி., ஃபால்ஸ் சீலிங் எல்லாம் சேர்த்துத் தள உயரம் 3.6 மீட்டர் என்றால் 24 படி. இரண்டு மடிப்பாகப் போட்டால் ஒவ்வொன்றிலும் 12 ஏற்றம், 11 மிதி, ஆக 3.3 மீட்டர். இரு முனையிலும் 1.5 மீட்டர் லேண்டிங் (படி திரும்பும் சமதளம்) சேர்த்தால் நீளம் 6.3 மீட்டர். ஒரு மடிப்பின் அகலம் 1.5 மீட்டர் என்றால், இரண்டும் நடு இடைவெளியோடு 3.15. சுவர்களையும் சேர்த்தால் ஏறக்குறைய 6.8க்கு 3.6 மீட்டர். இந்தப் பெட்டியை முதலில் வைத்துவிட்டு மற்றதை வரையுங்கள்.

3. பார்க்கிங்கும் தூண்களும்

பெரும்பாலானோர் சறுக்கும் இடம் இது. மேலே கடைகளைச் சமமாகப் பிரித்து, அந்தக் கோட்டிலேயே தூண் போட்டுவிடுகிறார்கள். ஒரு காருக்கு 2.5க்கு 5 மீட்டர் வேண்டும்.

செட்பேக் போகக் கட்டடத்தின் அகலம் 14 மீட்டர், தூண் அகலம் 300 மி.மீ. என்று கொள்வோம். மூன்று சமப் பிரிவு போட்டால் தூண்களுக்கு நடுவே 4.27 மீட்டர்தான் கிடைக்கும். பிரிவுக்கு ஒரு கார், மொத்தம் 3. இரண்டு சமப் பிரிவு என்றால் 6.55 மீட்டர், தலா 2 கார், மொத்தம் 4. அதையே சென்டர் டு சென்டர் (ஒரு தூணின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் வரை) 5.35, 5.35, 3.0 என்று மாற்றிப் பாருங்கள்: 2, 2, 1 என்று 5 கார் நிற்கும்.

இரண்டு காருக்கு 5 மீட்டர், தூணுக்கு 0.30, ஆக 5.30 போதுமே, எதற்கு 5.35? பூச்சுக்காக. தூணுக்குத் தூண் சரியாக 5.00 விட்டால், இரு பக்கமும் 12 மி.மீ. பூச்சு ஏறியதும் 4.976 ஆகிவிடும். கட்டி முடித்து அளக்க வருபவர் பூச்சின் மேல்தான் டேப் வைப்பார். கார் நேராகத் திரும்பி உள்ளே நுழைய முன்னால் 6 மீட்டர் விடுங்கள். படிக்கட்டும் லிஃப்டும் எதிர்வரிசைக்குப் போகட்டும்.

இந்தக் கட்டத்தில் ஆட்டோகேட் தேவையில்லை. கிராஃப் தாளில் 1:100 அளவில் வரைந்து, அட்டையில் கார்களை வெட்டி நகர்த்திப் பார்ப்பதுதான் வேகம்.

4. யார் வாடகைக்கு வருவார்?

கட்டமைப்புப் பொறியாளரிடம் இதைச் சொல்லாவிட்டால் தளம் தாங்க வேண்டிய சுமைக்கு அவராக ஓர் எண்ணை எடுத்துக்கொள்வார். ஐ.எஸ். (இந்தியத் தர விதி) 875 பகுதி 2-இன்படி சதுர மீட்டருக்கு வீட்டு அறைக்கு 2 கிலோநியூட்டன் (சுமார் 200 கிலோ), சில்லறைக் கடைக்கு 4, மொத்த விற்பனைக் கடைக்குக் குறைந்தது 6. வங்கி லாக்கர் அறை வரலாம் என்றால் எந்தத் தளம், எந்த மூலை என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். ஹோட்டல் வரலாம் என்றால் சமையலறைப் புகைக்குழாய் மொட்டை மாடி வரை போக ஒரு ஷாஃப்ட் (எல்லாத் தளங்களையும் கடந்து மேலே போகும் திறந்த வழி) விடுங்கள். பிறகு ஸ்லாபை உடைத்து வழி செய்வது பெரும் செலவு.

மண் பரிசோதனை அறிக்கை வராமல் அஸ்திவார டிசைனை ஏற்காதீர்கள். குழி தோண்டிப் பார்த்துச் சொல்வது பரிசோதனை ஆகாது. போர் போட்டு 1.5 மீட்டருக்கு ஒருமுறை எஸ்.பி.டி. எண் (குழாயை மண்ணில் இறக்க எத்தனை அடி அடிக்க வேண்டியிருக்கிறது என்ற கணக்கு) எடுத்திருக்க வேண்டும். கரிசல் மண் என்றால் இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

5. முன்பக்கம்

தரை மட்டம் சாலையிலிருந்து 45 செ.மீ. உயரம் என்றால், சக்கர நாற்காலிச் சாய்தளம் 1:12 சரிவில் 5.4 மீட்டர் நீளும். மின்வாரிய மீட்டர் போர்டு, தேவைப்பட்டால் டிரான்ஸ்ஃபார்மர், இவற்றுக்கும் முன்பக்கத்தில்தான் இடம் வேண்டும். இவை உட்கார்ந்த பிறகு எலிவேஷனுக்கு வாருங்கள்.

பின்சேர்க்கை: தூணை 9 அங்குலமாக ஒல்லியாக்கினால் பார்க்கிங்கில் இடம் மிச்சமாகுமே என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். நிலநடுக்கத்துக்கான ஐ.எஸ். 13920 (2016) தூணின் சிறிய பக்கம் 300 மி.மீ.-க்குக் குறையக் கூடாது என்கிறது. இடம் போதவில்லையென்றால் தூணின் நீண்ட பக்கத்தைக் கார் நிற்கும் திசையில் திருப்புங்கள்.