சுமத்ரா நிலநடுக்கங்களுக்கு நியூரல் நெட்வொர்க் அமைப்பது எப்படி?

2009 செப்டம்பர் 30, சிங்கப்பூர் நேரப்படி மாலை ஆறேகால் மணியளவில், சுமத்ராவின் பாடாங் நகருக்கு அருகே 7.6 அளவில் நிலம் நடுங்கியபோது, சிங்கப்பூரின் உயரமான வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளில் பலர் அதை உணர்ந்தனர். சுமத்ராவில் எழும் நீண்ட அலைகள் கடற்களிமண் படிந்த நம் நிலப்பகுதிகளில் பெருகுவதே அதற்குக் காரணம். நாள், இடம், அளவு மூன்றையும் முன்கூட்டிச் சொல்லும் நம்பகமான முறை இன்றுவரை இல்லை என்பதால், “அடுத்த ஏழு நாளில் வரைபடத்தின் இந்தக் கட்டத்தில் 5.0 அல்லது அதற்கு மேற்பட்ட நடுக்கம் நிகழும் வாய்ப்பு எவ்வளவு?” என்பதையே, தரவிலிருந்து தானே கற்கும் நிரலான நியூரல் நெட்வொர்க்குக்குரிய கேள்வியாகக் கொள்ளுங்கள்.

அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் இலவசப் பட்டியலிலிருந்து, சுமத்ராவையும் அதன் மேற்குக் கடலையும் உள்ளடக்கிய பகுதிக்கு 1990 முதலான பதிவுகளை இறக்கிக்கொண்டு, ஒரு பாகை அகலக் கட்டங்களாகப் பிரியுங்கள். சிறு நடுக்கங்கள் முழுமையாகப் பதிவாகியிரா. எந்த அளவுக்குக் கீழே எண்ணிக்கை உயராமல் சரியத் தொடங்குகிறதோ, அதற்குக் கீழுள்ளவற்றை நீக்கிவிடுங்கள். பெரிய நடுக்கத்தை அடுத்த சில மணி நேரங்களில் அலைகள் ஒன்றன்மீதொன்று படிவதால் சிறு பின்னதிர்வுகள் விடுபடும். அந்த வெற்றிடத்தை நெட்வொர்க் அமைதி என்று தவறாகக் கற்றுக்கொள்ளும்.

அடுத்த படியில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். வரிசைகளைக் கலைத்துப்போட்டுப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்தால், 2005 மார்ச் 28இல் சுமத்ராவுக்கு மேற்கிலுள்ள நியாஸ் தீவில் நேர்ந்த 8.6 நடுக்கத்தின் பின்னதிர்வுகளில் பாதி ஒருபுறமும் பாதி மறுபுறமும் விழும். விடையைப் பார்த்து எழுதிய மாணவனைப் போல் நெட்வொர்க் உயர்ந்த மதிப்பெண் பெறும். எனவே காலத்தால் பிரியுங்கள்: 2010 வரை பயிற்சி, 2011 முதல் 2015 வரை சரிபார்ப்பு, அதன் பின்னுள்ளவை ஒரே ஒருமுறை திறக்க வேண்டிய சோதனைத் தரவு.

உள்ளீடாகக் ஒவ்வொரு கட்டத்திலும் கடந்த 7, 30, 365 நாள்களின் நடுக்க எண்ணிக்கைகளும் அவற்றின் மிகப்பெரிய அளவும் போதும். நெட்வொர்க் அமைக்க உதவும் இலவச மென்பொருளான பைடார்ச்சில் இரண்டு சிறு அடுக்குகளும், வாய்ப்பைத் தரும் ஒரு வெளியீடும் அமைத்தால் தொடங்கிவிடலாம்.

பெரும்பாலான வாரங்களில் எதுவும் நிகழாததால், “இல்லை” என்றே சொல்லும் நிரலும் மிகத் துல்லியமாகத் தோன்றும். ஆகவே சதவீதத் துல்லியத்தை விட்டு, நிகழ்ந்ததற்கு எவ்வளவு வாய்ப்புச் சொன்னது என்பதை மதிப்பிடும் மடக்கை மதிப்பெண்ணால் அளந்து, ஒவ்வொரு நடுக்கமும் அடுத்தவற்றைத் தூண்டிக் காலப்போக்கில் தணியும் என்று கொள்ளும் ஈட்டாஸ் மாதிரியுடன் ஒப்பிடுங்கள். பின்னதிர்வுகளின் இடத்தைக் கணிக்க 2018இல் வெளியான, 13,451 அளவுருக்கள் (பயிற்சியில் சரிசெய்யப்படும் எண்கள்) கொண்ட நெட்வொர்க்குக்கு நிகராக, இரண்டே அளவுருக்கள் கொண்ட மாதிரி செயல்படுவதாக 2019இல் காட்டப்பட்டது.

ஒவ்வொரு ஞாயிறு இரவும் வரும் வாரத்துக்கான வாய்ப்புகளைத் தேதியிட்டுக் கோப்பில் எழுதி, பின்னர் திருத்தாமல் வையுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவற்றைப் பகிர வேண்டாம். ஓராண்டுக் கோப்புகளை ஈட்டாஸ் தந்த எண்களோடு வைத்து மதிப்பிட்ட பிறகே, நெட்வொர்க்கில் மேலும் அடுக்குகளைச் சேர்க்கலாமா என்று முடிவு செய்யுங்கள்.