பிரசவத்துக்குப் பின் அயர்ன்மேன்: வீராங்கனைகள் சறுக்கும் இடங்கள்

அயர்ன்மேன் போட்டி என்றால் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதன்மேல் 42.2 கிலோமீட்டர் ஓட்டம். இதையே தொழிலாக வைத்திருக்கும் ஒரு பெண் குழந்தை பெற்றதும், சென்னையில் அவரைப் பார்க்கிறவர்கள் கேட்பது இரண்டே கேள்விகள். "குழந்தைய யாரு பாத்துப்பா?" என்பது ஒன்று. "அடுத்த ரேஸ் எப்போ?" என்பது இன்னொன்று. முதல் கேள்வி எரிச்சலைத்தான் தரும். காரியத்தைக் கெடுப்பது இரண்டாவது.

காரணம், அதற்குப் பதில் சொல்லும்போது நாம் போட்டித் தேதியிலிருந்து பின்னோக்கி வாரங்களை எண்ண ஆரம்பிக்கிறோம். கூடவே ஓர் உதாரணமும் வந்துவிடும். அமெரிக்காவின் செல்சி சொடாரோ 2021 மார்ச்சில் மகளைப் பெற்றார், 2022 அக்டோபரில் ஹவாயின் கோனாவில் அயர்ன்மேன் உலகச் சாம்பியன் ஆனார். "பதினெட்டே மாசம்!" என்று நம் வாட்ஸ்அப் குழுக்களில் இன்றும் அது சுற்றுகிறது. பிரசவத்துக்குப் பிறகு கடுமையான மனப்பதற்றத்தோடு போராடியதை அவரே வெளிப்படையாகப் பேசியது மட்டும் அவ்வளவாகச் சுற்றவில்லை. சுவிட்சர்லாந்தின் நிக்கோலா ஸ்பிரிக் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் டிரையத்லானில் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் சேர்ந்த போட்டி) தங்கம் வென்றார், 2013இல் தாயானார், 2016 ரியோவில் வெள்ளி வாங்கினார். மூன்று குழந்தைகளுக்குப் பிறகு டோக்கியோவில் ஆறாவதாக வந்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு கால அளவு. இன்னொருவருடைய பதினெட்டு மாதத்தை நம் பயிற்சி அட்டவணையில் ஒட்டவைப்பதுதான் முதல் தவறு.

அதோடு சேர்ந்தே வருவது ஆறாவது வார செக்கப். "எல்லாம் நார்மல்" என்று டாக்டர் சொன்னதை ஓடுவதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்கிறார்கள். கர்ப்பப்பை சுருங்கிவிட்டது, தையல் ஆறிவிட்டது என்பதே அதன் பொருள். பிரிட்டனின் பிஸியோக்கள் சிலர் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பிரசவம் முடிந்து 12 வாரத்துக்குமுன் ஓட்டம் கூடாது. அதன்பிறகும் சிறுநீர்க் கசிவு, அடிவயிற்றில் எதோ இறங்குவதுபோன்ற கனம், இடுப்பு வலி ஆகியவை இருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 45 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். வெட்டித் தைத்த வயிற்றுச் சுவரின் உறைத்திசு ஆறு வாரத்தில் பழைய பலத்தில் பாதியைச் சற்றே தாண்டியிருக்கும். ஆறேழு மாதத்திலும் முழுமையாகத் திரும்பியிருக்காது. சைக்கிளின் ஏரோ பாரில் (முன்னால் நீண்டிருக்கும் கைப்பிடி) குனிந்து மணிக்கணக்கில் மிதிக்கும் உடம்புக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இருமினால் சிறுநீர் கசிவதை "புள்ள பெத்தா அப்படித்தான் இருக்கும்" என்று பெரியவர்கள் முடித்துவிடுவார்கள். பலருக்கும் வருவதுதான், ஆனால் பயிற்சியால் சரிசெய்யக்கூடியது. இடுப்புத்தளத் தசைகளைப் பார்க்கத் தெரிந்த பிஸியோவிடம் போய்விட்டு வந்து பிறகு ஓட்டத்தைப் பற்றி யோசிக்கலாம். நடை, வீட்டில் டிரெய்னர் ஸ்டாண்டில் பூட்டிய சைக்கிள், ரத்தப்போக்கு நின்று புண் முழுக்க ஆறியபின் நீச்சல்குளம், கடைசியாக ஓட்டம் என்று வரிசை வைத்துக்கொண்டால் பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவரும். குளம் அலுத்துவிட்டது என்று நேராகக் கடலுக்குப் போகாதீர்கள். மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் அலை உள்ளே இழுத்த கதைகளைப் பேப்பரில் படிக்காத வருஷம் இல்லை. கரையோர நீரோட்டமும் தென்மேற்குப் பருவத்தில் வடக்கே, வடகிழக்குப் பருவத்தில் தெற்கே என்று மாறிவிடும். பழைய பலம் வராத தோளோடு அங்கே தனியாக இறங்கக் கூடாது.

இனி சாப்பாடு. நான் பார்த்தவரை அதிகம் பேர் விழுவது இங்கேதான்.

பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் வழக்கத்தைவிட நாளுக்கு 600 கிலோகலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்). ஈசிஆரில் மாமல்லபுரம் தாண்டிப் போய்வரும் ஒரு நீண்ட சைக்கிள் பயிற்சி இரண்டாயிரத்துக்கு மேல் எரிக்கும். இரண்டையும் கூட்டினால் வரும் தொகையைப் பத்தியச் சாப்பாட்டால் ஈடுகட்டவே முடியாது. பூண்டுக் குழம்பும் சுறாப் புட்டும் அருமையானவை, சண்டை அவற்றோடு இல்லை. அளவைக் குறைப்பதும், "தண்ணி நெறைய குடிச்சா வயிறு போட்டுடும்" என்று செம்பை எட்டத்தில் வைப்பதும்தான் ஆபத்து. மாமியாரிடம் வாதம் செய்து நேரத்தைக் கழிப்பதைவிட, அடுத்த செக்கப்புக்கு அவரையும் கூட்டிப்போய் டாக்டர் வாயால் கேட்கவைப்பது எளிது.

செலவுக்கேற்ற வரவு இல்லாத நிலை நீடித்தால் ஹார்மோன், எலும்பு, எதிர்ப்புச் சக்தி எல்லாம் சேர்ந்து தளரும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இதற்கு ரெட்-எஸ் என்று பெயர் வைத்தது. மற்ற வீராங்கனைகளுக்கு இதன் முதல் எச்சரிக்கை மாதவிலக்கு நின்றுபோவது. பாலூட்டும் தாய்க்குப் பெரும்பாலும் பல மாதம் மாதவிலக்கே வராது, அதனால் எச்சரிக்கை மணியே அடிப்பதில்லை. அதே மாதங்களில் எலும்பிலிருந்து கால்சியம் பாலுக்குப் போய்க்கொண்டிருக்கும். பால் நிறுத்தியபின் எலும்பு தேறிவிடும் என்றாலும், இடைப்பட்ட காலத்தில் ஓட்டத் தூரத்தைக் கூட்டினால் இடுப்பெலும்பிலோ கெண்டைக்கால் எலும்பிலோ மெல்லிய விரிசல் வரலாம். ஒரு பக்கமாக, ஒரே புள்ளியில், ஓடும்போது கூடும் வலியைத் தைலம் தேய்த்துக் கடக்கப் பார்க்காதீர்கள். ரத்தச்சோகையும் கூட வரும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அது உண்டு. ஹீமோகுளோபினோடு, உடம்பில் சேமிப்பாக உள்ள இரும்புச்சத்தைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வெயிலைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும். இங்கே வியர்வை காயாது, வழியும். வழிகிற வியர்வை உடம்பைக் குளிர்விக்காது, உப்பை மட்டும் எடுத்துப்போகும். பால் சுரக்க வேண்டுமே என்று வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் சரிந்து தலைசுற்றல், குமட்டல், மோசமானால் மயக்கம்வரை போகும். சித்திரைக் கத்திரியில் நீண்ட ஓட்டத்தை வைக்கவே வேண்டாம்.

தூக்கம் கெட்ட இரவுக்கு மறுநாள் எதை விடுவது? பெரும்பாலோர் லேசான நீச்சலை விட்டுவிட்டு, கடினமான இன்டர்வெலை (விட்டுவிட்டுச் செய்யும் வேகப் பயிற்சி) குற்றவுணர்ச்சியில் செய்து முடிக்கிறார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டும். விடிகாலை நாலரைக்கு ஈசிஆரில் லாரிகளுக்கு நடுவே அரைத்தூக்கத்தில் மிதிப்பது பயிற்சிக் கணக்கிலேயே சேராது.

போட்டி நாளில் பால் கட்டிக்கொள்வதைப் பலர் கடைசி நிமிடத்தில்தான் யோசிக்கிறார்கள். முன்னணிப் பெண்களுக்கே முழுத் தூரம் எட்டரை, ஒன்பது மணி நேரம். நீச்சலுக்குச் சற்றுமுன் ஒருமுறை பிழிந்து எடுத்துவிட வேண்டும். சைக்கிள் முடிந்து ஓட்டத்துக்கு மாறும் இடத்தில் இன்னொருமுறை தேவைப்படுமா என்று பயிற்சியிலேயே பார்த்துவையுங்கள். நம் கடல் வெதுவெதுப்பானது, இங்கே யாரும் வெட்சூட் (குளிர் தாங்கும் இறுக்கமான நீச்சல் உடை) போடுவதில்லை. குளிர்நாட்டுப் போட்டியில் அது நிறைந்த மார்பை இறுக்கும் வலி அன்றைக்குத்தான் தெரியவரும். பிழிந்த பால் 25 டிகிரி வரை நாலு மணி நேரம் தாங்கும் என்பது பொதுவான கணக்கு. நம்மூர் மே மாதத்து அறையில் அதை நம்பக் கூடாது, ஐஸ் பெட்டி வேண்டும். அயர்ன்மேன் போட்டிகளில் முடிவுக்கோட்டைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடக்கவும் கூடாது, தகுதிநீக்கம் செய்துவிடுவார்கள். புகைப்படம் கோட்டுக்கு அப்பால்.

பணம்: ஸ்பான்சர் ஒப்பந்தத்தில் கர்ப்பகாலத்துக்கு என்ன ஏற்பாடு என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். 2019இல் அமெரிக்க ஓட்டக்காரர் அலிசன் ஃபெலிக்ஸ் இதை வெளியே பேசிய பிறகுதான் நைக்கி தன் விதியை மாற்றியது. ரயில்வே போன்ற இடத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை இருந்தால் பிரசவ விடுப்பு தனியாக உண்டு, அதைப் பயிற்சி முகாமுக்காக விட்டுக்கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஊக்கமருந்து விதிகள். பிரசவ லேகியத்தில் என்ன இருக்கிறது என்று அதைக் கிண்டியவருக்கே முழுதாகத் தெரியாது. சோதனையில் எதுவும் சிக்கினால் "அம்மா கொடுத்தாங்க" என்ற பதில் செல்லாது, பொறுப்பு வீராங்கனையுடையது. லேபிளும் பேட்ச் எண்ணும் இல்லாத எதையும் தொடாமல் இருப்பது உத்தமம். பதிவுசெய்யப்பட்ட சோதனைப் பட்டியலில் இருப்பவர்கள் இரவு தங்கும் முகவரியையும் தினம் ஒரு மணி நேரத்தையும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய் மாதக்கணக்கில் இருந்துவிட்டு முகவரியை மாற்ற மறந்தால், 12 மாதத்தில் மூன்று தவறுகள் சேர்ந்து தடையில் முடியலாம். பட்டியல் தொல்லையே வேண்டாம் என்று ஓய்வு அறிவித்துவிடுவதும் சிக்கல்தான். மறுபடி போட்டியிட ஆறு மாதம் முன்னதாக எழுதிக்கொடுத்துச் சோதனைக்குத் தயாராக இருக்க வேண்டும். கடிதம் எதையும் அனுப்புமுன் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவின் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.