ஆன்டெனா கட்டும் முன் இரைச்சல் அடங்கும் இடத்தைத் தேடுங்கள்

ஹாம் ரேடியோவில் (உரிமம் பெற்ற ஆர்வலர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வானொலி) கேட்பதற்கென்று ஆன்டெனா கட்டும் முன், பேட்டரியில் ஓடும் சிற்றலை ரேடியோ ஒன்றை 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம், நிலையம் எதுவும் கேட்காத அலைவரிசையில் வையுங்கள். தெருவெங்கும் விளக்கு எரியும் நேரத்தில் அதை எடுத்துக்கொண்டு மொட்டைமாடி, கொல்லை எல்லாம் நடந்து பாருங்கள். இரைச்சல் எங்கே அடங்குகிறதோ அங்கே கட்டுங்கள்; உயரம் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை.

வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் தொலைதூர அலை உங்கள் மனை முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில்தான் வந்து விழும். எல்இடி விளக்கும் மலிவான சார்ஜரும் கிளப்பும் இரைச்சலோ சில மீட்டர் தள்ளினாலே வெகுவாகக் குறைந்துவிடும். மதுரையில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் இது கண்கூடு: மாடிப்படி உச்சியில் கரகரவென்று அலறும் ரேடியோ, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியதும் தணிந்துவிடும். மெயின் சுவிட்சை (இன்வெர்ட்டரையும் சேர்த்து) ஒருமுறை அணைத்தும் கேளுங்கள். இரைச்சல் நின்றால் அது உங்கள் வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது.

பெரும்பாலும் நேர்கோட்டில் செல்லும் 144 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு இது பொருந்தாது. அங்கே உயரம்தான் முக்கியம்; நாகமலை, யானைமலை அடிவாரத்தில் இருப்பவர்களுக்கு மலையே மறைப்பு. 7 மெகாஹெர்ட்ஸில் ஐப்பசி இடிமழையின் படபடப்போ எந்த மூலைக்குப் போனாலும் விடாது.