சர்வர் ரூம் வெக்கை: இன்னொரு ஏசி வாங்குமுன் செய்ய வேண்டியவை

கடலோர ஊரான கீழக்கரையில் ஓர் அலுவலகம். சர்வர் கணினிகளை அடுக்கும் அலமாரி, அதாவது ரேக், இரண்டு; ஏசி இரண்டு, இரண்டுமே 18 டிகிரியில் ஓடுகின்றன. உள்ளே நின்றால் உடம்பு நடுங்குகிறது, ஆனால் மேல்தட்டு சர்வர் சூடு தாங்காமல் அலாரம் அடிக்கிறது. மூன்றாவது ஏசிக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் பொறுக்கச் சொன்னேன்.

சர்வர் முன்பக்கம் குளிர்காற்றை இழுத்து, பின்பக்கம் வெக்கையைத் தள்ளும். அந்த வெக்கை சுற்றிவந்து மறுபடி முன்னால் நுழைந்தால் எத்தனை ஏசி போட்டும் பயனில்லை.

முதலில் அளவெடுங்கள். சுவரில் மாட்டிய வெப்பமானி உதவாது. ரேக்கின் முன்பக்கம் கீழே, நடுவே, மேலே என மூன்றை ஒட்டி, அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். சர்வருக்குள் நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருக்கலாம் என்பது ஏசிப் பொறியாளர்களின் அமெரிக்கச் சங்கமான ஆஷ்ரேயின் பரிந்துரை. கீழக்கரையில் கீழே 19, மேலே 31. குளிர் தாராளமாக இருந்தது, வெக்கைதான் கலந்துகொண்டிருந்தது.

அடுத்து, எங்கே கலக்கிறது? டிஷ்யூ தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து, சர்வர் இல்லாத காலித் தட்டின் முன்னால் பிடியுங்கள். தாள் உங்கள் பக்கம் படபடத்தால், பின்பக்க வெக்கை அந்த வழியாக வருகிறது என்று அர்த்தம். ஊதுபத்தி வேண்டாம், புகை அலாரம் அடித்துவிடும்.

காலித் தட்டுகளை பிளாங்கிங் பேனலால், அதாவது அதற்கென்றே விற்கும் மூடுதகட்டால், மூடுங்கள். ரேக்கின் உயரத்தை அளக்கும் அலகு யூ; ஒரு யூ உயரம் 44.45 மி.மீ. அட்டையை வெட்டி வைக்காதீர்கள், தீப்பிடிக்கும். கேபிள் ஓட்டைகளையும் அடையுங்கள். ஒரு ரேக்கின் முதுகு இன்னொன்றின் முகத்தைப் பார்த்தால் திருப்பி வையுங்கள். பேனல் போட்ட மறுநாள் அங்கே மேல்தட்டு 25-க்கு இறங்கியது.

அப்புறம் ஏசியை நாளுக்கு ஒரு டிகிரி ஏற்றுங்கள். மேல்தட்டு 26-ஐத் தொட்டாலோ ஈரப்பதம் 60 சதவீதம் தாண்டினாலோ ஒரு டிகிரி இறக்கி நிறுத்துங்கள்.

ஈரப்பதத்தைச் சொல்லக் காரணம் நம் கடல். ராத்திரிக் காற்று சில்லென்று வருகிறதே, ஜன்னலைத் திறக்கலாமே என்று தோன்றும். திறக்கவே கூடாது. காற்றில் வரும் உப்புத்தூள் சர்க்யூட் போர்டில் படியும். ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டினால் அது தானே கரைந்து நீராகி, செம்பை அரிக்கும். உலோக அரிப்பைச் சோதிக்க மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபம் என்ற கடலோர ஊரில் சோதனைக் களம் வைத்திருக்கிறது என்றால் நம் காற்றின் வீரியத்தைப் புரிந்துகொள்ளலாம். கதவின் அடியிடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள்.

வெளியே இருக்கும் யூனிட்டை, கடலைப் பார்க்காத சுவரில் மாட்டுங்கள். மாதம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அதன் அலுமினியத் தகடுகளை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். உப்புக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். பிரஷர் பம்பும் வேண்டாம், தகடுகள் மடங்கிவிடும்.