சிறிய கார் டீடெய்லிங் கடைக்கு ஒரு பக்க இணையதளம்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில் என் மைத்துனர் நடத்தும் கார் டீடெய்லிங் கடைக்கு (காரை உள்ளும் வெளியும் நுணுக்கமாகச் சுத்தம் செய்து மெருகேற்றும் கடை) இணையதளம் அமைத்துக் கொடுத்த பிறகு, மன்னார்குடியிலும் மயிலாடுதுறையிலும் இதே தொழில் செய்யும் சிலர் அதே கேள்விகளைக் கேட்டதால், செய்த வேலையை வரிசையாக எழுதி வைக்கிறேன். ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் இணைய இடம்) வாங்குவது, வேர்ட்பிரஸ் (தளம் கட்டும் மென்பொருள்) நிறுவுவது ஆகியவற்றுக்குத் தமிழிலேயே போதுமான காணொளிகள் இருப்பதால் அவற்றுக்குள் நான் போகவில்லை.

தொடங்குமுன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். இந்தக் கடைக்குத் தொலைபேசியில் அழைப்பவர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணே, இன்னோவாவுக்கு உள்ள, வெளிய எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும், எப்ப வண்டிய விடலாம்?" விலை, ஆகும் நேரம், வண்டியை விட வேண்டிய நாள் ஆகிய மூன்றுக்கும் விடை சொல்லும் ஒரே ஒரு பக்கம் போதும். "எங்களைப் பற்றி", "எங்கள் நோக்கம்" போன்ற பக்கங்களை யாரும் திறப்பதில்லை.

முதல் படி: பெயரும் இடமும்

டொமைன் பெயரை, அதாவது தளத்தின் இணைய முகவரியை, கடை உரிமையாளரின் சொந்த மின்னஞ்சலில், சொந்தப் பெயரில் பதிவு செய்யுங்கள். வடிவமைப்பவர் பெயரில் ஒருபோதும் வேண்டாம். கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் கணக்கோடு இலவசமாகக் கிடைத்த சிறு இணையதளங்கள் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டபோது, அந்த முகவரியை விசிட்டிங் கார்டிலும் பலகையிலும் அச்சிட்டிருந்த கடைகளின் நிலை என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். முதல் ஆண்டுக் கட்டணத்தை மட்டும் பார்க்காமல், இரண்டாம் ஆண்டு முதல் புதுப்பிக்க எவ்வளவு என்பதையும் பார்த்து வாங்குங்கள். 'டாட் இந்தியா' என்ற தமிழ் முகவரியும் கிடைக்கிறது. ஆனால் அது சில செயலிகளில் புரியாத எழுத்துக்கோவையாக மாறித் தெரிவதால், பலகையில் எழுதவும் வாயால் சொல்லவும் எளிதான 'டாட் இன்' முகவரியையே நான் பரிந்துரைப்பேன்.

வேர்ட்பிரஸ் நிறுவியதும் அதனுடன் வரும் இயல்பான பிளாக் தீம் என்ற பக்க வடிவமைப்பையே பயன்படுத்துங்கள். இழுத்து வைத்துப் பக்கம் கட்டும் கூடுதல் செருகுநிரல்கள் ஒரு பக்கத் தளத்துக்குத் தேவையற்ற சுமை. தானாக நகரும் பட வரிசையும் வேண்டாம், ஏனெனில் இரண்டாவது படம் வரும் வரை யாரும் காத்திருப்பதில்லை. தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையே போகும் தரவைப் பாதுகாக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் இலவசம் என்பதால், இந்தப் பாதுகாப்புக்குத் தனியாகப் பணம் கேட்கும் ஹோஸ்டிங்கைத் தவிர்த்துவிடலாம்.

இரண்டாம் படி: தமிழ் எழுத்து

கடைக்கு ஏற்கெனவே ஒரு நோட்டீஸ் இருக்கும். அதன் கோப்பை டிடிபி கடையிலிருந்து வாங்கி அப்படியே பக்கத்தில் ஒட்டினால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து வரும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தவை என்பதுதான் காரணம். தமிழ்நாடு அரசு 2010-லேயே, எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி படிக்கப்படும் யூனிகோடு எழுத்துமுறையைத் தரமாக ஏற்றுக்கொண்டாலும், அச்சுத் தொழிலில் பழைய எழுத்துருக்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. இணையத்தில் கிடைக்கும் மாற்றிகளால் யூனிகோடுக்கு மாற்றிய பின், கொம்பும் காலும் வரும் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். 'ஔ' வரிசையில் கடைசிக் குறிக்குப் பதிலாக 'ள' என்ற எழுத்தே உட்கார்ந்திருப்பது வழக்கமான பிழை. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் தேடலில் அந்தச் சொல் அகப்படாது.

எழுத்துருவில் எனக்கு முக்தா மலர் பிடிக்கும். நோட்டோ சான்ஸ் தமிழும் நல்லதே. வரி உயரத்தை எழுத்தளவைப் போல் 1.7 மடங்காக வையுங்கள். எழுத்துகளுக்கு இடையே கூடுதல் இடைவெளி கொடுக்காதீர்கள், இரு ஓரமும் சீராக வரும்படி பத்தியை இழுக்கவும் செய்யாதீர்கள், ஏனெனில் நீளமான தமிழ்ச் சொற்கள் கைபேசித் திரையில் ஓட்டை விழுந்த வரிகளாகிவிடும்.

பக்கத் தலைப்பில் கார் டீடெய்லிங் என்பதோடு 'வாட்டர் சர்வீஸ்', 'பாலிஷ்' என்ற சொற்களும் ஊர்ப் பெயரும் இருக்கட்டும். நம் ஊர்ப் பக்கத்தில் மக்கள் இந்தக் கடையைத் தேடுவது அந்தச் சொற்களால்தான்.

மூன்றாம் படி: விலைப்பட்டியல்

விலையை வெளியில் போடக் கூடாது, போட்டியாளர் பார்த்துவிடுவார் என்று கடைக்காரர்கள் தயங்குவார்கள். போட்டியாளருக்கு உங்கள் விலை ஏற்கெனவே தெரியும். தெரியாதவர் வாடிக்கையாளர் மட்டுமே. விலை இல்லாத பக்கத்தைப் பார்த்தவர் அடுத்த கடையை அழைத்துவிடுகிறார்.

ஹேட்ச்பேக், செடான், எஸ்யூவி என்று எழுதினால் பாதிப் பேருக்குத் தங்கள் வண்டி எதில் சேரும் என்று தெரியாது. ஆகவே ஒவ்வொரு பிரிவின் கீழும் வண்டிகளின் பெயரையே எழுதுங்கள்: ஆல்ட்டோ, ஸ்விஃப்ட் ஒரு பிரிவு, டிசையர், அமேஸ் அடுத்தது, பிரெஸ்ஸா, நெக்ஸான் மூன்றாவது, இன்னோவா, ஸ்கார்ப்பியோ நான்காவது. நான்கு பிரிவையும் எட்டு வேலைகளையும் கட்டம்போட்ட ஒரே அட்டவணையாக வைத்தால் கைபேசியில் பக்கவாட்டில் நகர்த்தித்தான் படிக்க வேண்டியிருக்கும். வேலைக்கு ஒரு பெட்டி என்று பிரித்து, பெட்டிக்குள் நான்கு வரிகளில் விலையையும் அடியில் ஆகும் நேரத்தையும் எழுதிவிடுங்கள்.

ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்பதையும் அங்கேயே சொல்லுங்கள். சேவை வழங்குவோருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்போது பொதுவாகப் பதிவு கட்டாயமாகிறது. பதிவு செய்யாத கடை வரி என்று எதையும் தனியாக வசூலிக்கக் கூடாது.

வேலை விளக்கத்தை நிறுவனங்களின் விளம்பரத் தாளிலிருந்து பெயர்த்து எழுதாமல், நம் ஊர் வண்டிக்கு நேர்வதை வைத்து எழுதுங்கள். போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்ட வண்டியில் உப்புப் புள்ளிகள் படிகின்றன; அறுவடைக் காலத்தில் சாலையில் காயும் நெல்லின் தூசியும் வைக்கோலும் ஏசி வடிகட்டி வரை போகின்றன; ஐப்பசி, கார்த்திகை மழையில் வயல்சேறு சக்கர வளைவுக்குள் ஏறிக் காய்ந்துவிடுகிறது; நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து வண்டிகளுக்கு உப்புக் காற்றால் அடிப்பகுதியில் துரு முந்திக்கொள்கிறது. எந்தத் தொல்லைக்கு எந்த வேலை என்று ஒரு வரியில் சொன்னால், அண்டர்பாடி கோட்டிங் (வண்டியின் அடிப்பகுதிக்குப் பூசும் காப்புப் பூச்சு) எதற்கு என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

பெயிண்டின் மேல் பூசும் செராமிக் கோட்டிங் என்ற காப்புப் பூச்சுக்குக் 'கீறலே விழாது', 'வாழ்நாள் உத்தரவாதம்' என்று எழுதிவிடாதீர்கள். அது தண்ணீரையும் அழுக்கையும் ஒட்டவிடாமல் செய்யும், பளபளப்பைக் காக்கும். கல் தெறித்தால் பெயிண்ட் பெயர்வதைத் தடுக்காது. அதற்குப் பிபிஎஃப் என்ற, பெயிண்டைக் காக்கும் படலம் ஒட்ட வேண்டும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்குத் தண்டம் உண்டு. அதைவிட, கீறலோடு திரும்பி வந்து கடை வாசலில் நிற்கும் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வதே கடினம்.

நான்காம் படி: படங்கள்

இந்தத் தொழிலில் படம்தான் சாட்சி. கழுவுமுன் ஒன்று, முடித்தபின் ஒன்று, இரண்டும் ஒரே இடத்திலிருந்து, ஒரே உயரத்தில், ஒரே வெளிச்சத்தில் எடுக்கப்பட வேண்டும். தரையில் சுண்ணாம்பால் இரு கோடு போட்டு, ஒன்றில் முன்சக்கரமும் மற்றொன்றில் படம் எடுப்பவரும் நின்றால் கோணம் மாறாது. கறுப்பு வண்டியின் வட்டக் கீறல்கள் பொது வெளிச்சத்தில் எளிதில் தெரியா. எல்இடி டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து எடுத்தால் பாலிஷின் பலன் படத்தில் தெளிவாக வரும்.

டிஎன் 49 ஆகட்டும், டிஎன் 68 ஆகட்டும், எண் பலகையை மறைத்த பிறகே வெளியிடுங்கள். வீட்டுக்கே சென்று வேலை செய்தால், கேமராவில் இடக்குறிப்பையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வாடிக்கையாளரின் வீடு இருக்கும் இடம் படத்துக்குள்ளேயே பதிவாகிவிடும்.

கைபேசிப் படம் பல எம்பி இருக்கும். உலாவியிலேயே இயங்கும் ஸ்கூஷ் என்ற இலவசக் கருவியில் அகலத்தை 1200 பிக்சலாகக் குறைத்து, வெப்பி என்ற பட வடிவில், தரம் 75 என்று வைத்துச் சேமித்தால் பெரும்பாலும் 200 கேபிக்குள் அடங்கிவிடும். பக்கத்தின் முதல் படத்துக்கு மட்டும் 'தாமதமாக ஏற்று' (திரைக்கு அருகில் வரும்போதுதான் படத்தை இறக்குவது) என்ற வசதியை நீக்குங்கள். முதன்மையான பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல்; பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் தளத்தில் அதைச் சோதித்துக்கொள்ளலாம். வரைபடத்தையும் பக்கத்துக்குள் பதிக்காமல், ஒரு பொத்தானாக வைத்தால் பக்கம் கனக்காது.

ஐந்தாம் படி: வாட்ஸ்அப் பொத்தான்

அதிகப் பேர் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். தொடர்புப் படிவம் வேண்டாம். அதிலிருந்து போகும் மின்னஞ்சலைக் கடையில் யாரும் திறப்பதில்லை. வாட்ஸ்அப்புக்கு நேரே அழைத்துச் செல்லும் சுட்டி 'டபிள்யூஏ டாட் எம்இ' என்று தொடங்கும். அதன் பின் ஒரு சாய்கோடு, அடுத்து 91, அடுத்துப் பத்து இலக்க எண். கூட்டல் குறி, முன்பூஜ்யம், இடைவெளி, சிறுகோடு எதுவும் கூடாது. கடைப் பலகையில் ஐந்து ஐந்து இலக்கமாகப் பிரித்து எழுதிய எண்ணை அப்படியே தட்டினால், நடுவில் இருக்கும் இடைவெளியாலேயே சுட்டி வேலை செய்யாமல் போகும்.

எண்ணுக்குப் பின் கேள்விக்குறி இட்டு, 'டெக்ஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லையும் சமக்குறியையும் சேர்த்துச் செய்தியை எழுதினால், வாடிக்கையாளர் பொத்தானைத் தொட்டதும் அந்தச் செய்தி தட்டச்சாகி நிற்கும். தமிழ்ச் செய்தியில்தான் கவனம் தேவை. இணைய முகவரிக்குள் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகப் பிரிந்து, பைட்டுக்கு மூன்று எழுத்து வீதம் ஒன்பது எழுத்துகளாக மாறுகிறது; 'க', கால் என்று இரு குறி கொண்ட 'கா' என்பதற்கே பதினெட்டு எழுத்து ஆகும். மாற்றாமல் ஒட்டினால் சில செயலிகள் முதல் இடைவெளியிலேயே சுட்டியை வெட்டிவிடும். முழுச் சுட்டியையும் கணினியில் குரோமின் முகவரிப் பட்டையில் ஒட்டித் திறந்து, முகவரியை அங்கிருந்து மீண்டும் நகலெடுத்தால் அது மாற்றப்பட்டே வரும். வேறு கருவி தேவையில்லை.

செய்தியைச் சுருக்கமாக வையுங்கள்: "வணக்கம். உள்புறச் சுத்தம் வேண்டும். வண்டி: ஊர்:" இதுவே போதும். ஒவ்வொரு வேலையின் பெட்டிக்கும் தனிப் பொத்தான், தனிச் செய்தி என்று வைத்தால், எந்த வேலைக்கு எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பது கைபேசியைப் பார்த்தாலே தெரியும். அதற்கென்று புள்ளிவிவரக் கருவி எதையும் நிறுவ வேண்டியதில்லை. கடைக்கென்று தனி எண்ணும் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியும் இருந்தால், இரவில் வரும் செய்திக்குத் தானாகப் பதில் போகும்படி அமைக்கலாம்.

பிற்சேர்க்கை: தன் மகன் துபாயிலிருந்து அழைத்தபோது, தொட்டதும் தொலைபேசி அழைப்பு போகும் 'அழைக்க' என்ற பொத்தான் வேலை செய்யவில்லை என்று திருவாரூர் பக்கத்து வாசகர் ஒருவர் எழுதினார். அந்தச் சுட்டியில் எண்ணுக்கு முன் கூட்டல் குறியும் 91-உம் கட்டாயம் வேண்டும். வாட்ஸ்அப் சுட்டிக்கு நேர் மாறான விதி இது என்பதால் குழப்பம் வருகிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புக்குத் தடை இருந்தாலும் செய்தி போகும், ஆகவே இரண்டு பொத்தான்களும் இருக்கட்டும். விடுமுறைக்கு வருமுன், மாதக்கணக்கில் உறைபோட்டு நின்ற வண்டியைச் சுத்தம் செய்து வைக்கச் சொல்லி வெளிநாட்டிலிருந்து முன்பதிவு செய்வோர் டெல்டாவில் குறைவில்லை.

ஆறாம் படி: கூகுள் பட்டியல்

கூகுள் பிசினஸ் புரொஃபைலில் கடைப் பெயரைப் பலகையில் உள்ளபடியே எழுதுங்கள்; பெயரோடு 'சிறந்த', 'கும்பகோணம் நம்பர் 1' என்று ஒட்டினால் முடக்கப்பட வாய்ப்பு உண்டு. சரிபார்ப்புக்குக் காணொளி கேட்டால், தெருவில் தொடங்கி, பலகை, உள்ளே உள்ள கருவிகள், பூட்டைத் திறக்கும் உங்கள் கை என்று வெட்டில்லாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள். பைபாஸ் ஓரத்துக் கடைகளுக்குக் கதவு எண் இருக்காது. வரைபடத்தில் புள்ளியை வைத்து அழுத்திக் கிடைக்கும் பிளஸ் கோட் என்ற, இடத்தைக் குறிக்கும் சுருக்கக் குறியீட்டைப் பக்கத்தின் அடியிலும் எழுதிவிடுங்கள். பெயர், முகவரி, எண் மூன்றும் தளத்திலும் பட்டியலிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் இந்தத் தொழிலில் மூச்சுவிட நேரம் இருக்காது. அதற்கு முன்பே பக்கத்தின் உச்சியில் "ஆயுத பூஜைக்கு முன்பதிவு தொடங்கிவிட்டது" என்ற ஒரு வரியும், பட்டியலில் அந்த வாரத்துக்கான சிறப்பு நேரமும் போட்டுவிடுங்கள். பூஜை முடிந்ததும் அந்த வரியை எடுக்க மறந்துவிடுவார்கள்; மார்கழியிலும் அது அப்படியே நின்றால் விலைப்பட்டியலும் பழையதாக இருக்கும் என்றுதான் பார்ப்பவர் நினைப்பார்.

இன்னொரு பிற்சேர்க்கை: பில் மேசையில் வைக்க க்யூஆர் குறியீடு எப்படிச் செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். அதற்குள் வாட்ஸ்அப் சுட்டியை வைக்காமல், உங்கள் டொமைன் முகவரியை வையுங்கள். கடை எண் மாறினாலும் ஒட்டிய ஸ்டிக்கரை மாற்ற வேண்டியிருக்காது. இலவசமாகக் கிடைக்கும் 'டைனமிக்' வகைக் குறியீடுகள் வேறொரு நிறுவனத்தின் முகவரி வழியாகச் செல்பவை, சலுகைக் காலம் முடிந்ததும் நின்றுபோகக்கூடும். ஆகவே நேரடி வகையையே செய்து, தண்ணீர் தெறிக்கும் இடம் என்பதால் லேமினேட் செய்து ஒட்டுங்கள்.